நேராக நிற்கும் முத்திரை

கமிஹாதா
ஜனவரி 27

அன்பு மகள் சிஹாருவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை கெய்தாவும் குட்டி நாகியும் அந்தப் பனியில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். வழக்கமாக இந்த வரிகளைக் கை தானாக எழுதிவிடும், இன்று நாலு தாள் கசக்கிப் போட்ட பிறகுதான் வந்தது. சரி, மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் எழுந்து போய் வாசல் ஆணியில் மாட்டியிருக்கும் கார் சாவியை எடுத்து உன் பையில் போட்டுக்கொள். கெய்தாவிடம் இருக்கும் இன்னொரு சாவியையும் கேட்டு வாங்கிக்கொள். சிரிக்காதே. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லாதே. எடுத்துவிட்டாயா? இனி உட்கார்ந்து படி.

புத்தாண்டுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது. பனிக்கு நடுவே உங்கள் புது மினோவா வண்டி, நீலம், கண்ணாடிக்குப் பின்னால் கோவிலில் கொடுத்த தாயத்து தொங்குகிறது, முன்னால் நாகி இரண்டு கையாலும் ஒரு தாளைக் கேமராவுக்கு நேராக நீட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அது வண்டியின் சோதனைச் சீட்டு. கீழே நீ எழுதியிருக்கிறாய், தாத்தாவின் முத்திரை எங்கள் வண்டியில், இந்த வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம் என்று. அம்மா அட்டையைப் பார்த்ததும் அழுதேவிட்டாள், சந்தோஷத்தில்தான். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். "என்னங்க, பேத்தி முகத்த பாக்கறதுக்குக் கூடவா பூதக்கண்ணாடி?" என்று உன் அம்மா கேலி செய்தாள். நான் நாகியின் முகத்தைப் பார்க்கவில்லை. முத்திரையைப் பார்த்தேன். நெமோதோ என்று நம் குடும்பப் பெயர், சிவப்பு மையில், தெளிவாக. நான் வேலையை விட்டு வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச் மாதம். உன் வண்டி செய்த தேதி போன நவம்பர்.

அன்று மத்தியானமே நீ கூப்பிட்டாய். "அப்பா, ரிடையர் ஆனப்புறமும் உங்கள கூப்பிட்டுக்கிட்டாங்களா? சொல்லவே இல்லியே!" என்றாய். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குரலில் இருந்த சந்தோஷத்தை உடைக்க மனம் வரவில்லை, அதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது. பேச்சுவாக்கில் நீயே ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா. "காலைல முதல் தடவ பிரேக் போடறப்ப முன்னால இடது பக்கம் ரெண்டு தட்டு கேக்குதுப்பா, யாரோ கதவ தட்டற மாதிரி. ஷோரூம்ல பாத்துட்டு, குளிருக்குத்தான், சீட்டுல எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி முகம் தொடைக்கற துண்டு ஒண்ணு பரிசா குடுத்து அனுப்பிட்டாங்க" என்றாய். அந்த இரண்டு தட்டு எனக்குப் புதிதில்லை. ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் இரண்டாவது முறை நான் கூப்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்த வண்டிய நான் பாக்கலம்மா, அதுல என் கையே படல என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "எப்பவும் இப்படித்தான், யாராவது நல்லதா ஒரு வார்த்த சொன்னா உடனே நான் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லுவீங்க" என்று சிரித்தாய். அது என் தப்பு. நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான், கையால் செய்ததையும் செய்யவில்லை என்று சொல்லியே பழகிவிட்டோம், அதனால் ஒருவன் உண்மையாகவே செய்யவில்லை என்று சொல்லும்போது அதை நம்ப ஆள் இல்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொழிற்சாலைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போவேனே, அங்கே வாசல் வளைவில் வீடு திரும்பும் வண்டி என்று பெரிய எழுத்தில் இருக்கும், அதைப் படிக்கத்தான் நீ எழுத்தே கற்றுக்கொண்டாய். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. பழைய முதலாளி மினோவா முதலில் பட்டு நூற்கும் இயந்திரம் பழுது பார்ப்பவர். போர் முடிந்ததும் உடைந்த விமானத் தகட்டில் சட்டி பானை அடித்து விற்றார், பிறகு மூன்று சக்கர வண்டி. முதல் வருஷம் செய்த வண்டிகளில் ஒன்றை நம் ஊர் மீன்காரர் வாங்கினார், கோவில் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை, ஆற்றில் போய் விழுந்தார், மனிதர் பிழைக்கவில்லை. முதலாளி அந்த வீட்டு வாசலில் மூன்று நாள் மண்டியிட்டுக் கிடந்தார் என்று சொல்வார்கள். நாலாம் நாள் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். வண்டி வெளியே போகும் முன் கடைசியாக ஒரு மனிதன் அதை முழுக்கப் பார்த்து, தன் பெயர் முத்திரையை ஒரு தாளில் குத்தி, அந்தத் தாளை வண்டியிலேயே வைத்து அனுப்ப வேண்டும். தன் உயிரை எந்த மனிதனிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும், ஏறினவன் வீடு திரும்ப வேண்டும் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்தது, சின்னக் கார், பெரிய கார், கடல் தாண்டி ஏற்றுமதி, வெளியிலிருந்து வந்த புது நிர்வாகம், எல்லாம் மாறியது, அந்தச் சீட்டு மட்டும் மாறவில்லை. நான் முப்பத்தோரு வருஷம் அந்தச் சீட்டில் முத்திரை குத்தினேன். அதைத்தான் நாகி கையில் பிடித்திருக்கிறாள்.

உன் அம்மாவின் பங்கையும் சொல்கிறேன். அவள் இருபத்திரண்டு வருஷம் அதே தொழிற்சாலையில் வண்டி வாங்கியவர்கள் எழுதும் அட்டைகளைப் பிரித்துப் படிக்கும் பிரிவில் இருந்தாள் அல்லவா, இரவுச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லி நம்மைச் சிரிக்க வைப்பாளே. கதவு சாத்தினால் சாப்பாட்டு டப்பா மூடுகிற சத்தம் வருகிறது என்று ஒருவர், சீட் நன்றாக இருப்பதால் மனைவி ஏறினதும் தூங்கிவிடுகிறாள், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று ஒருவர், பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது, விற்க மனமில்லை, வண்டிக்கு ஒரு சவ அடக்கம் செய்து தருவீர்களா என்று ஒரு டீச்சரம்மா. மினோவா வண்டியைப் பற்றி யாரைக் கேட்டாலும் அழகில்லை, வேகமில்லை, ஆனால் நம்பலாம் என்பார்கள். அந்த மூன்றாவது வார்த்தைக்காகத்தான் வாங்கினார்கள். புகார் அட்டை வந்தால் கம்பெனி ஆட்கள் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பயறும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய மிட்டாய்ப் பெட்டியோடு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். சின்னப் புகாருக்கு ஒற்றை அடுக்குப் பெட்டி. உயிர் போகிற விஷயத்துக்கு இரண்டு அடுக்குப் பெட்டி. அலமாரியில் இரண்டு அடுக்குப் பெட்டி குறைகிறது என்றால் அட்டைப் பிரிவில் யாரும் அன்று சத்தமாகப் பேச மாட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

ககோஷிமாவிலிருந்து குசுமோதோ என்று ஒருவர், உனக்குத் தெரியும், வருஷா வருஷம் தன் வண்டியே எழுதுவது போலப் புத்தாண்டு அட்டை போடுவாரே, "நான் நலம், போன வருஷம் மூன்று முறை கடல் பார்த்தேன், என் முதலாளிக்குத்தான் முழங்கால் வலி" என்று. அம்மா வேலையை விட்ட பிறகும் நம் வீட்டு முகவரிக்குப் போட்டார், பதினோரு வருஷம். போன வசந்தத்தில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்கினார். ஜூன் மாதம் ஒரு அட்டை, வழக்கமில்லாத நேரத்தில். "நான் புதுசு, இன்னும் பழகவில்லை. பிரேக் போட்டால் முன்னால் இடது பக்கம் இரண்டு தட்டு. ஷோரூமில் சீட்டைக் காட்டிச் சரியாக இருக்கிறது என்கிறார்கள், சீட்டில் நெமோதோ என்று இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரரா அம்மா? அப்படியென்றால் எனக்குப் பயமில்லை." அம்மா அதைப் படித்துவிட்டு, "அந்தப் பேர்ல வேற யாராவது இருப்பாங்க" என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று எழுதுகிறேன் பார், அது என் முத்திரைதான் என்று எனக்குத் தெரியும் சிஹாரு. நவம்பர் கடைசியில் சாம்பல் நிறக் கரை போட்ட அட்டை ஒன்று வந்தது, எங்கள் வீட்டில் துக்கம், இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்ல இயலாது, தந்தை அக்டோபரில் காலமானார் என்று, வேறு கையெழுத்தில். அம்மா துக்கம் கேட்கப் போன் செய்தாள். மகன் பேசினார். வீட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சரிவில் வளைவைத் தாண்டிப் போய்விட்டாராம், வயசானவங்க, கால் தவறி வேற எத மிதிச்சாரோ என்றாராம். "கம்பெனிக்காரங்க வந்தாங்கம்மா, ரொம்ப மரியாதையா விழுந்து கும்பிட்டாங்க, மிட்டாய்கூட ரெண்டு அடுக்குல கொண்டு வந்தாங்க" என்றாராம். அம்மா போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருந்த ஜூன் அட்டையை மறுபடி படித்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நான் வேலையை விட்ட கடைசி நாள், பூங்கொத்து எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, லைன் பொறுப்பாளர் ஹோசோயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெமோதோ அண்ணே, சீல மட்டும் இழுப்பறையில விட்டுட்டுப் போங்க. பரிட்சை எழுதின பசங்களுக்கு இன்னும் சான்றிதழ் வரல. ரெண்டே ரெண்டு மாசம்" என்றான். சான்றிதழ் இல்லாதவன் கடைசிச் சோதனை செய்யக்கூடாது என்பது சட்டம். நான் யோசிக்கக்கூட இல்லை. விட்டுவிட்டு வந்தேன். ஏனென்றால் அது எங்களுக்குள் ஒரு வழக்கம். நான் சேர்ந்த புதிதில் எட்டு மாதம் என் பெயரில் ஒரு வண்டியும் போகவில்லை, ரிடையர் ஆன ஒருவரின் முத்திரையைத்தான் நானும் குத்தினேன். திருப்பிக் கேட்பது அநாகரிகம், நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். இரண்டு மாதம் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நான் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் கடன் முத்திரை குத்தினாலும் வண்டியைச் சக்கரம் சுழலவிடும் சோதனை உருளை மேல் ஏற்றி நாலு சக்கரத்துக்கும் பிரேக் பார்த்துவிட்டுத்தான் குத்தினோம் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அட்டை வந்த பிறகு, உன்னோடு இரண்டாம் முறை பேசி நீ சிரித்த பிறகு, நான் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். மத்தியான இடைவேளையில் ஹோசோயா நூடுல்ஸ் கடைக்கு வந்தான், என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. என் முத்திரையைக் கொடு என்றேன். "மெதுவா பேசுங்கண்ணே" என்றான். என் மகள் வண்டியில் என் முத்திரை இருக்கிறது, அந்த வண்டியை யார் பார்த்தது என்றேன். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டான். "யாரும் பாக்கலண்ணே. முன்ன ஒரு வண்டிக்கு ஒம்பது நிமிஷம். இப்ப மூணு. மூணு நிமிஷத்துல உருள மேல ஏத்தறதா, லைட்டப் பாக்கறதா, சீட்டு எழுதறதா? காலைல வந்ததுமே அன்னிக்கு வர்ற வண்டிக்கெல்லாம் கட்டா குத்தி வச்சுடறோம்" என்றான். பிறகு, நம்பமாட்டாய், கொஞ்சம் பெருமையாகவே சொன்னான், கையால் ஒவ்வொன்றாகக் குத்த நேரமாகிறது என்று மரத்தில் ஒரு சட்டம் செய்திருக்கிறார்களாம், சீட்டை அடியில் தள்ளி முத்திரையை மேலிருந்து அழுத்தினால் கட்டத்துக்குள் சரியாக விழுமாம், அந்த யோசனைக்குப் போன வருஷம் கம்பெனியில் பரிசு கொடுத்தார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. முன் இடது பக்கம் இரண்டு தட்டு கேட்கிறதாம் என்று நான் சொன்னதும் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, பொண்ண அந்த வண்டிய ஓட்ட வேணாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க" என்றான். எழுந்து போய்விட்டான், நூடுல்ஸ் அப்படியே கிடந்தது.

கடையில் யாரோ கேட்டிருக்க வேண்டும், மறுநாளிலிருந்து நம் தெருவில் ஏதோ ஆகிவிட்டது. தெருச் சுற்றறிக்கை அட்டை தெரியுமே, குப்பை எந்தக் கிழமை, பனி அள்ளும் முறை யாருக்கு என்று வீடு வீடாகக் கைமாறி வருமே, இடது வீட்டிலிருந்து நமக்கு வர வேண்டியது, நம் வாசலைத் தாண்டி நேராக வலது வீட்டுக்குப் போனது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பது வருஷமாக அம்மாவின் முள்ளங்கி ஊறுகாய் தின்ற இடது வீட்டு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நம் வாசலைக் கடந்து போனாள். "மறந்திருப்பாங்க" என்றாள் உன் அம்மா. மறுவாரமும் மறந்தார்கள். முடிதிருத்தும் கடையில் இன்று இடமில்லை என்றார்கள், நாற்காலி மூன்றும் காலியாக இருந்தன. அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை, இந்த ஊரில் யார் வீட்டு அரிசி அந்தத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை? போன வியாழக்கிழமை காலையில் வாசலில் கறுப்புக் கோட்டு இரண்டு வந்து நின்றது. பிரிவுத் தலைவர் வாகுரியும் இன்னொருவரும். வாசலிலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. "நெமோதோ சார் இத்தன வருஷம் கம்பெனிக்கு உழைச்சீங்க, பொண்ணு தூரத்துல இருக்காங்க போல, பத்திரமா இருக்கட்டும்" என்று மட்டும் வாகுரி சொன்னார், மிக மெதுவாக, மிக மரியாதையாக. ஒரு துணி மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு அடுக்குப் பெட்டி. "நம்ம வீட்டுல இன்னும் யாரும் சாகலியே" என்றாள். மேல் அடுக்கில் மிட்டாய். கீழ் அடுக்கில் மெல்லிய தாளில் சுற்றி என் முத்திரை.

அந்த முத்திரையைக் கையில் எடுத்தேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் நான் குத்தியும் தேயாத விளிம்பு இந்த இரண்டு வருஷத்துக்குள் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. எத்தனை வண்டி, எத்தனை வீடு, எனக்குக் கணக்குத் தெரியாது. இரவை விடு, பகலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட யாரோ சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்து எழுந்துவிடுகிறேன்.

நான் சொல்வதை நீ அடக்கம் என்று மறுபடியும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக உனக்கு ஒரு சாட்சி வைக்கிறேன். சோதனைச் சீட்டை எடுத்து மேசையில் வை. அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம், இடது கட்டம் பிரிவுத் தலைவருடையது, வலது கட்டம் சோதித்தவனுடையது. எங்கள் தலைமுறைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள், உன் முத்திரையை நேராகக் குத்தாதே, இடது பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்து, மேலே இருப்பவரின் முத்திரையை வணங்குவது போல இருக்க வேண்டும் என்று. உன் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில்கூட நான் வாத்தியார் முத்திரையைப் பார்த்துச் சாய்த்துத்தான் குத்தினேன், என்னப்பா எப்பவும் கோணலா குத்தறீங்க என்று நீ சண்டை போடுவாய். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சீட்டில்கூட என் முத்திரை நேராக நின்றதில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் நான் இப்போது என் கையால் குத்தியிருக்கிறேன், பார், சாய்ந்திருக்கும். இனி உன் வண்டியின் சீட்டைப் பார். பூதக்கண்ணாடி வேண்டாம். நேராக, ஆணி அடித்தது போல நேராக நிற்கும். அது மரச் சட்டம் குத்தியது. உன் வண்டியை ஒரு மனிதனும் பார்க்கவில்லை. அது என் கை குத்தியதல்ல என்று புத்தாண்டு அன்றே ஜன்னலோரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அப்படியிருந்தும் உன்னிடம் "ம்" என்றேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நேற்று எழுத ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போனதில் உன் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க எழுதி, அது போய், அவ படிக்கறதுக்குள்ள மலைக்கு நாலு தடவ ஏறி இறங்கிடுவா" என்று சொல்லிப் போனை எடுத்தாள். நீ நர்ஸ் வேலையாக நோயாளி வீடுகளுக்குப் போயிருந்தாய், கெய்தா எடுத்தார். வண்டியை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு, "சரிங்க அத்தை. நாளைக்கு மட்டும் மலை மேல ரெண்டு பேருக்கு ஊசி போடணுமாம், நாளைக்கு மட்டும் போய்ட்டு வரட்டும். மாமா பாத்து அனுப்பின வண்டிதானே" என்றாராம். அவரு பாக்கலப்பா, பாக்கவே இல்ல என்று அம்மா கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, "மாமா எப்பவும் இப்படித்தான் அடக்கமா சொல்வாரு" என்றாராம். நல்ல பிள்ளை, அவர்மேல் கோபமில்லை. ஆனால் அந்த நாளைக்கு மட்டும் என்ற வார்த்தை நேற்றிலிருந்து இந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அந்த நாளை இன்றுதான்.

போக்குவரத்து அமைச்சகத்தின் வாகனச் சோதனைத் துறைக்கு ஒரு மனு எழுதிவிட்டேன். என் முத்திரையை எங்கே விட்டேன், யார் கேட்டார்கள் என்று எல்லாம், சட்டத்தின் முன் நானும் குற்றவாளிதான் என்றும் எழுதியிருக்கிறேன். ஹோசோயாவின் பெயரை எழுதும்போது அவனுடைய இரண்டு பிள்ளைகள் நினைவு வந்தது, குசுமோதோவின் நினைவும் வந்தது, எழுதிவிட்டேன். அவர் ஜூனில் போட்ட அட்டையை அம்மா ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து அதோடு சேர்த்துக் கொடுத்தாள். மனுவின் அடியில் மட்டும் முத்திரையை நேராகக் குத்தினேன். இது வெளியே வந்தால் இந்த ஊரில் எங்களுக்கு அட்டை மட்டுமல்ல, ஒன்றும் வராது. ஊரை விட்டுப் போகத் துணிமணியை அடுக்கட்டுமா என்று அம்மா கேட்டாள், பாதி விளையாட்டாக.

உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நோயாளிகளுக்கு வேறு யாரையாவது அனுப்பு, இல்லாவிட்டால் பனி அள்ளும் வண்டிக்காரரிடம் ஏற்றிப் போகக் கேள், வேலை போனால் போகட்டும். நாகியைப் பிள்ளைப் பள்ளிக்கு நடத்தியே கூட்டிப் போ, காலுக்கு அம்மா பின்னிய கம்பளி உறையைப் போடு. உலர்ந்த பேரீச்சைப் பழம் போல் வற்றிப் போகாமல் நன்றாகச் சாப்பிடு, அட்டைப் படத்தில் மெலிந்திருக்கிறாய். இதற்குள் என் முகவரி எழுதிய ஓர் உறை வைத்திருக்கிறேன், தபால்தலையும் ஒட்டிவிட்டேன், இரண்டு சாவியையும் அதில் போட்டு எனக்கு அனுப்பிவிடு. ஒன்றல்ல, இரண்டு. அவை என் கையில் வந்து விழும்வரை எனக்குச் சோறு இறங்காது. நீயும் கெய்தாவும் நாகியும் நூறு வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும், தினமும் வீடு திரும்ப வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

உன் அப்பா
நெமோதோ தகேஹிகோ
(முத்திரை இங்கே, சாய்த்துக் குத்தியிருக்கிறேன்)

பின்குறிப்பு: 28ஆம் தேதி, பகல் பதினொன்றரை. விரைவுத் தபாலில் போட இதை ஒட்டப் போகும்போது கூடத்தில் போன் அடித்தது. நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், என்ன செய்தியோ என்ற பயத்தில் இருவரும் எடுக்கப் போகவில்லை. ஆறு முறை அடித்து நின்றுவிட்டது. பிறகு அம்மா உன் எண்ணுக்குப் போட்டாள், யாரும் எடுக்கவில்லை, கெய்தாவும் எடுக்கவில்லை. கூப்பிட்டது நீயாக இருந்தால் மறுபடி கூப்பிடு அம்மா. இந்த முறை முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.